ரெண்டு சுத்து

அக்கா கையிலிருந்து தட்டு விழுந்ததை முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டு என்றால் விழத்தான் செய்யும். அதிலும் காலை நேரத்தில் மூன்று பேரும் ஒரே அடுப்பங்கரைக்குள் முட்டி மோதிக்கொண்டு கிளம்புகிற வீட்டில் விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

"தட்டுக்கும் கால் முளைச்சிருச்சு போல. அதுவும் வேலைக்குக் கிளம்புது," என்று அக்காவே சிரித்துக்கொண்டு பொறுக்கினாள்.

மறு வாரம் டீ தம்ளர். அதற்கப்புறம் முட்டை. முட்டை விழுந்தபோது அத்தான் சத்தம் போட்டார். "ஏண்டி, கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கே?" அக்கா இடது கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையாலேயே தரையைத் துடைத்தாள். அப்போதுதான் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர்கள் வீடு லாண்டரிக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். கீழே நாள் முழுக்க ஆவி. அதனால் மேலே தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் அது சொர்க்கம், வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். அக்காவுக்கு வேலை கீழேயே. விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற விரிப்புகளை இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். உருளை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் மொடமொடவென்று துப்பும். அத்தான் அதே லாண்டரியின் வேனை ஓட்டினார்.

தங்கை மட்டும் வெளியே, ஒரு ஸ்கேன் மையத்தில் படப்பிரிவில் வேலை பார்த்தாள். அத்தான் அவளுக்கு வைத்த பேர் படக்காரி. அக்கம்பக்கத்தில் யாராவது "எந்தப் படத்துல வேலை பாக்குறா?" என்று கேட்டால் முகத்தை மாற்றாமல் சொல்வார்: "எல்லாம் கறுப்பு வெள்ளைப் படந்தாங்க. கதாநாயகன் எலும்பு. பாட்டு கிடையாது."

அம்மா போனபோது படக்காரிக்கு விவரம் தெரியாத வயசு. தூக்கி வளர்த்தது அக்காதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதை யாராவது எடுத்துப் பேசினால், "எனக்கா இல்ல? அதோ போகுது பாருங்க, கழுதை மாதிரி," என்று தங்கையைக் காட்டுவாள்.

உருளையில் ஒரு நாள் அக்காவின் இடது கை பிடியை விட்டுவிட்டது. விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போக, அதைப் பிடிக்க அக்கா கையை நீட்ட, எதிரே நின்றவள் சிவப்புப் பித்தானை அடித்து நிறுத்தியிராவிட்டால் விரலோடு போயிருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அங்கிருந்து இன்னொரு டாக்டர். அவர் தலைக்கென்றே இருக்கிறவர்.

"தலை டாக்டர்னா, எல்லா டாக்டருக்கும் தலைவரா?" என்று அக்கா வாசலில் கேட்டாள். பயந்தால் அவளுக்கு இப்படித்தான், வாய் நிற்காது.

டாக்டர் புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். நிதானமான மனிதர், ஒரு சொல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். "வலது பக்கம் ஒரு சின்னப் புள்ளி தெரியுது. வலப்பக்க மூளைதான் இடது கையை ஆட்டி வைக்குது. ஆனா, இது பழைய தழும்பாவும் இருக்கலாம். எப்பவாவது தலையில அடி பட்டிருக்கா?"

"மாடிப்படியில உருண்டேன் டாக்டர். ரெண்டு வருஷம் இருக்கும். சின்ன ரத்தக்கட்டு, தானா கரைஞ்சிரும்னாங்க. ஸ்கேன்கூட எடுத்தாங்க."

"எந்தப் பக்கம்னாங்க?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் அக்காவைப் பார்த்தார். "பூசணிக்கா மாதிரி உருண்டு வந்தா டாக்டர். பக்கமெல்லாம் யாரு பாத்தா," என்றார் அத்தான். அன்றைக்குக் கொடுத்த காகிதம் கூரை ஒழுகியதில் கூழாகிப் போயிருந்தது.

"அந்தப் படம் கிடைச்சா கொண்டு வாங்க. அன்னிக்கே இதே இடத்துல இருந்திருந்தா, அது தழும்பு, பேசாம வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா புதுசா வளருதுன்னு அர்த்தம். திறந்து எடுக்கணும். தள்ளிப் போடக் கூடாது."

அந்தப் பழைய படம் எடுத்த இடம் மூடிப் போய்விட்டது. ஆனால் பாருங்கள், அதன் படங்கள் அத்தனையும் சி.டி. வட்டுகளாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தது படக்காரி வேலை செய்கிற மையத்தில்தான். அவற்றை மாற்றி ஏற்றுவதே அப்போது அவளுக்கு வேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மூடிப்போன இடத்துக்காரர்கள் எல்லாவற்றையும் வெறும் சாம்பல் நிறப் புள்ளிப் படமாகச் சேமித்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்துக்குத் தான் யார் என்று தெரியாது. யாருடைய தலை, எந்தப் பக்கம் வலம், ஒரு புள்ளி எத்தனை அகலம், ஒன்றும் அதற்குள் இல்லை. ஆஸ்பத்திரிக் கணினிகள் அப்படிப்பட்ட படத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். அவற்றுக்கு மருத்துவக் கோப்பாக வேண்டும்: பேர், வயசு, பக்கம், அளவு எல்லாம் படத்தின் உடம்புக்குள்ளேயே தைத்திருக்க வேண்டும். பழைய படத்தின் ஓரத்தில் பேரும், இடமா வலமா என்று காட்டும் பக்க எழுத்தும் மனிதக் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அச்சாகியிருக்கும். அடுத்தவர் கண்ணில் அந்தப் பேர் படக்கூடாது என்பதற்காக, படம் உள்ளே வரும்போதே நாலு ஓரமும் தானாகக் கறுப்புப் பட்டை விழுந்துவிடும். பிறகு படக்காரி வட்டின் உறையைப் பார்த்துப் புதிதாகப் பேர் போட்டு, அளவு போட்டு, படம் நிற்கிற நிலையை வைத்துப் பக்கம் போட்டு அனுப்புவாள்.

அந்தப் பெட்டிகளில் வந்த படங்களெல்லாம் தலைகீழாகத் திறந்தன. மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த மனிதருக்குப் படப்பிரிவு வைத்த பேர் சீக்கிரம். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும்.

"சீக்கிரம், சீக்கிரம், இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க? தலைகீழா இருக்கா, சுத்துற பித்தானை ரெண்டு தடவை அழுத்து. ரெண்டு சுத்து. நேரா நின்னுரும்."

அழுத்தினாள். நேராக நின்றது. நெற்றி மேலே, பிடரி கீழே. பக்கத்தில் 'கவிழ்' என்று இன்னொரு பித்தான் இருந்தது. அதை அவளும் யோசிக்கவில்லை, சீக்கிரமும் யோசிக்கவில்லை. தலைப் பெட்டிகளை முதலில் முடிக்கச் சொல்லியிருந்ததால் அவள் வரிசையாகத் தலைகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் தலையை அவள் இரண்டு நாள் தேடினாள். கிடைத்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் திறந்தாள். ரெண்டு சுத்து. காதுக்கு மேலே, வலப்பக்கம், சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை.

தலை டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "கிட்டத்தட்ட அதே இடம். வலப்பக்கம்னு தெளிவா போட்டிருக்கு. அன்னிக்குப் பட்ட அடியோட தழும்புதான். கை மரத்துப் போறது கழுத்தெலும்புத் தேய்மானமா இருக்கும், பாரம் தூக்குற வேலை இல்லையா? ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு படம் எடுத்துப் பாப்போம்."

அத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடி!"

அன்றைக்குக் கோழி வாங்கினார். அக்காவே சமைத்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. உருளைக்கிழங்கை வெட்டும்போது கத்தி ஒரு தடவை நழுவியது. அதை யாரும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் அக்கா தன் தட்டிலிருந்த தொடைக் கறியை எடுத்துத் தங்கை தட்டில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாங்கா, நீ சாப்பிடு."

"சாப்பிடுடி. இன்னிக்கு நான் சோறு திங்கிறதே உன்னாலதான்."

அதற்கப்புறம் அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டாள். கீழே உருளைச் சத்தத்தையும் மீறி அவள் குரல் மாடிக்குக் கேட்கும். தபால்காரரிடம் சொன்னாள், ரொட்டிக்கடைக்காரியிடம் சொன்னாள், விரிப்பு எடுக்க வருகிற விடுதிக்காரர்களிடம் சொன்னாள். "என் தங்கச்சி மட்டும் அந்தப் படத்தைத் தேடி எடுக்கலேன்னா, இந்நேரம் என் மண்டையைத் தேங்காய் மாதிரி உடைச்சிருப்பாங்க. அவ போட்ட படந்தான் என்னைக் காப்பாத்துச்சு." கேட்டவர்கள் படக்காரியைத் தெருவில் பார்த்தால் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அவளுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகியிருந்தாள். ரவிக்கைக் கொக்கி போட மட்டும் தங்கையைக் கூப்பிட்டாள். "இந்தக் கழுத்துத் தேய்மானம் இருக்கே, மானத்தை வாங்குதுடி," என்பாள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது.

தலைப் பெட்டிகள் தீர்ந்து, மார்புப் பெட்டிகள் தொடங்கிய அன்றைக்கு நல்ல மழை. படக்காரி முதல் படத்தைத் திறந்தாள். ரெண்டு சுத்து. பார்த்தாள். இதயம் வலப்பக்கம் இருந்தது.

சிரித்தாள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு அப்படியும் இருப்பதுண்டு என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். "யாரு பெத்த அதிசயமோ," என்று முனகிக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இதயம் வலப்பக்கம். சிரிப்பு நின்றது. மூன்றாவதைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தாள். அதிலும் அப்படித்தான்.

நாலாவதைத் திறக்காமல் எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே வாசலில் மழைத்தண்ணீர் குளமாய் நின்றது. அதில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தலைகீழாகத் தெரிந்தது. அவள் தலையைத் தோளுக்கும் கீழே சாய்த்துப் பார்த்தாள். எழுத்து நேராக நின்றது, ஆனால் படிக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்க்கிற எழுத்தைப் போல இடம் வலம் மாறிக் கிடந்தது. தண்ணீரில் கவிழ்ந்ததைக் கவிழ்த்துத்தான் நிமிர்த்த வேண்டும். சுற்றினால் இடது வலதாகிவிடும். அந்தப் பழைய படங்கள் சுற்றிக் கிடக்கவில்லை, கீழ்வரியிலிருந்து மேலாக எழுதப்பட்டுக் கவிழ்ந்து கிடந்திருக்கின்றன. மார்பு என்றால் இதயம் காட்டிக்கொடுத்துவிடும். தலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். காட்டிக்கொடுத்திருக்கக் கூடிய பக்க எழுத்தோ கறுப்புப் பட்டைக்கு அடியில் இருந்தது.

அக்காவின் பழைய வட்டை எடுத்துப் பட்டை விழாமல் திறந்தாள். ஓரத்தில் எழுத்து கவிழ்ந்து கிடந்தது. 'கவிழ்' பித்தானை அழுத்தினாள். எழுத்து நிமிர்ந்தது. புள்ளி இருந்தது இடப்பக்கம்.

அன்றைக்கு அடிபட்டது இடப்பக்கம். அது கரைந்து மறைந்துவிட்டது. இப்போது வலப்பக்கம் இருப்பது வேறு.

சீக்கிரம் என்ற அந்த மேலதிகாரி அவள் மேசைக்கு வந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. குரலைத் தாழ்த்தினார்.

"தலைதானே? ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தானே இருக்கும்? அனுப்பினது அனுப்பினதாவே இருக்கட்டும். மார்புலேர்ந்து சரியா பண்ணிருவோம். கிளறாதேம்மா."

"அதுல எங்க அக்கா தலை இருக்கு சார்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாத் தலையையும் திரும்பப் பண்ணணும். போன இடத்துக்கெல்லாம் நான் போன் பண்ணிச் சொல்றேன். நீ முதல்ல வீட்டுக்குப் போ." அன்றைக்கு அவர் வாயில் சீக்கிரம் என்ற சொல் வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புத்தான். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாமா? அவர் கூப்பிட்டுச் சொல்லட்டும், டாக்டர் சொன்னால் அது டாக்டர் சொன்னது. ரொட்டிக்கடைக்காரி வாசலில் நின்று, "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கா," என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னபிறகு, டாக்டர் வாயில் போட்டுவிடலாம் என்ற நினைப்பு போய்விட்டது. நேரே அக்காவைத் தேடி நடந்தாள்.

லாண்டரிக்குள் ஆவி கண்ணை மறைத்தது. அக்கா உருளையின் மறுபக்கம் ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி, நல்ல நேரத்துல வந்தே. கூட்டாளி டீ குடிக்கப் போனவ, தேயிலை பறிக்கவே போயிட்டா போல. இந்த முனையைப் பிடி."

பிடித்தாள். எதிர்ப்பக்கம் அக்கா இரண்டு முனையையும் பிடித்திருந்தாள். இடக்கையில் துணியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருந்தாள், நழுவாமல் இருக்க.

"அக்கா, அந்தப் படம் தப்பு."

"எந்தப் படம்?"

"உன் பழைய படம். நான் இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன். அன்னிக்கு அடிபட்டது இடது பக்கம். இப்ப இருக்கிறது வலது பக்கம். அது வேற, இது வேற."

அக்கா கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். துணி தொய்ந்தது.

"முனையைத் தூக்குடி. தரையில படுது பாரு. ஆஸ்பத்திரித் துணி."

தூக்கினாள். பாதியாக மடித்தார்கள். மறுபடி பாதி. விரிப்பு மடிக்கிறவர்கள் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி ஓரடியாக நெருங்கி வர வேண்டும். கடைசி மடிப்பில் அக்காவின் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. ஆவியில் வேர்த்திருந்ததா, அழுதாளா, தெரியவில்லை.

"அப்ப, இது புதுசு."

"ஆமாக்கா."

"தழும்பு இல்ல."

"இல்லக்கா."

அக்கா விரிப்பை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வேணும்னேவா பண்ணினே?"

"ஐயோ, அக்கா!"

"பின்ன ஏண்டி இப்படி நடுங்குறே?" வலக்கையால் தங்கையின் கன்னத்தைத் துடைத்தாள். கை சூடாக இருந்தது. "எனக்குத் தெரியும்டி. இந்தக் கை எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. ராத்திரி பகலா சொல்லுச்சு. நான்தான், நீ போட்ட படமாச்சேன்னு, கை சொன்னதைக் கேக்கல."

படக்காரி ஈரத்துணிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால், அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அத்தானுக்கு இப்பச் சொல்லாதே," என்றாள் அக்கா. "வேனை எடுத்துக்கிட்டு வெளியே போயிருக்காரு. ரோட்டுல கவனம் தப்பிரும். வீட்டுக்கு வரட்டும், சாப்பிடட்டும், நானே சொல்றேன்."

அவளேதான் சொன்னாள். அத்தான் சாப்பிட்ட கையைக் கழுவவில்லை, காய்ந்த கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படக்காரியை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவளைப் படக்காரி என்று கூப்பிடவும் இல்லை.

தலை டாக்டர் திருத்திய படத்தையும் புதிதாக எடுத்த படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். புள்ளி இப்போது புள்ளியாக இல்லை. அந்த வாரமே திறந்தார்கள். வெளியே வந்த டாக்டரைத் தாழ்வாரத்தில் மறித்துக்கொண்டு படக்காரி கேட்டாள். "முன்னாடியே வந்திருந்தா டாக்டர்? அந்த ஒரு மாசம்?"

அவர் வழக்கம்போல யோசித்தார். "எடுக்க முடிஞ்ச வரைக்கும் எடுத்திருக்கோம். உயிருக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்ல." அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சின்னதா இருந்தப்பவே எடுத்திருந்தா, கையைக் காப்பாத்தியிருக்கலாம்."

அக்கா கண் விழித்துப் பேச இரண்டு நாள் ஆயிற்று. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் வாய் வாய்தான். படக்காரி மருந்து வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தபோது, பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தது வாசலுக்கே கேட்டது.

"என் தங்கச்சிதாங்க கண்டுபுடிச்சா. படத்துல இடம் வலம் மாறிப் போயிருந்துச்சு, ஒரு டாக்டருக்கும் தெரியல. இவ ஒருத்தி பாத்துச் சொல்லலேன்னா நான் இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன். அவ போட்ட படந்தான் என்னைக் காப்பாத்துச்சு."

"கொடுத்து வெச்சவங்க நீங்க," என்றாள் அந்த அம்மாள். படக்காரியைப் பார்த்து, "நீதானாம்மா அது?" என்று கேட்டாள்.

மாற்றி வைத்தது யார் என்று அக்கா சொல்லவில்லை. கடைசிவரை யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பது படக்காரிக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று. தலையை ஆட்டினாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் மேல் கிடந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். மூலையில் அவர்கள் லாண்டரியின் குறி இருந்தது. விரிப்புக்குள் கையை விட்டு அக்காவின் கையைத் தேடி எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டாள். முகத்தை அதன்மேல் வைத்து அழுதாள்.

"என்னடி, இப்ப எதுக்கு அழுகை?" என்றாள் அக்கா. "எழுந்திரு. அந்த அம்மா பாக்குறாங்க."

"கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேங்கா. கொஞ்ச நேரம் இருக்கேன்."

அக்கா தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"எந்தக் கைடி?" என்றாள்.